பதினைந்து பக்கம்

எடைமேடைக்காரர் தன் மச்சினனுக்குப் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தார். மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கியது. ஈடாக அவளுடைய தையல் மிஷின் மச்சினன் வீட்டுக்குப் போனது. அவளுக்குக் கூடப்பிறந்த தம்பிதான், ஆனால் காசு என்று வந்தால் கறார்.

"எப்ப மாமா குடுப்பீங்க?"

"ஒரே வருஷம் மாப்ளே. என் கதைக் காசுலயே எண்ணி வைக்கிறேன்."

"அந்த ஆகாசத்துல பறக்கிற கதைங்களா?" மச்சினன் வாய்விட்டுச் சிரித்தான். "சரி. வருஷம் தாண்டுச்சுன்னா மிஷினை வித்துடுவேன். அப்புறம் அக்காவ விட்டு அழ வைக்கக்கூடாது."

எடைமேடைக்காரர் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் எழுத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேட்காவிட்டாலும் அதை அவரே சொல்வார். லாரி சரக்கோடு மேடையேறும், பிறகு காலியாக ஏறும். வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் நிற்பதுதான் சரக்கு. கதையையும் அப்படித்தான் கழித்தார். பழைய எடைச் சீட்டுகளின் முதுகில் இருபது பக்கம் எழுதி, சரக்கில்லாத வரியையெல்லாம் அடித்து, மூன்று, மிஞ்சினால் நான்கு பக்கமாக்கி அனுப்புவார். பொய் சொன்னால் உடம்பு எடை குறையும் ஊர், நாளைய தினத்தை அடகு பிடிக்கும் கடை, பேசும் பாலம். பதினோரு மாதத்தில் எட்டுக் கதைகள் அச்சேறின. டிரைவர்களிடம் பத்திரிகையை விரித்துக் காட்டுவார். "படிச்சவன் முப்பது பக்கத்துல சொல்றத நான் மூணுல முடிச்சிருக்கேன், பாரு!"

பத்திரிகையோ பக்கத்துக்கு முந்நூறு என்று காசு கொடுத்தது. வந்ததையெல்லாம் மனைவி டப்பாவில் போட்டுவைத்தாள். எட்டுக் கதைக்கு எப்படியும் தேறிவிடும் என்ற தெம்பில் அவர் காசை எண்ணியே பார்க்கவில்லை. அவள்தான் எண்ணினாள். இருபத்தைந்து பக்கம், ஏழாயிரத்து ஐந்நூறு.

"நாலாயிரத்து ஐந்நூறு குறையுதுங்க."

தலை நிமிராமல் சொன்னாள். மிஷின் இல்லாததால் அடுத்தவர் தைத்த சட்டைகளுக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. சம்பளம் வாடகைக்கும் மருந்துக்குமே இழுபறி. முதலாளியிடம் முன்பணம் கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். மறுநாள் பத்திரிகை ஆபீஸில், யார் முன்னும் கைகட்டாத மனுஷன், ஆசிரியர் மேஜை முன் கைகட்டி நின்றார்.

"ஆண்டு மலர்ல ஒரே ஒரு இடம் இருக்கு," என்றார் ஆசிரியர். "பதினஞ்சு பக்கம். நீங்கதான் மூணு நாலுக்கு மேல எழுத மாட்டீங்களே?"

"எழுதுவேன்யா."

"நாலு நாள்ல வேணும்."

கையிலிருந்தது நான்கு பக்கக் கதை. மேகமே இல்லாத கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டவனைப் பற்றியது. அதில் இப்போது மழை கொட்டியது. அவன் படியேறினான், இறங்கினான், செருப்பைத் தேடினான், மறுபடி ஏறினான். ஒவ்வொரு வரியும் அவர் கன்னத்தில் அவரே அறைந்துகொண்டது போலிருந்தது. ஞாபகமெல்லாம் அதிலேயே இருக்க, இரண்டு லாரிக்கு எடையைத் தப்பாகப் போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் மனைவி தாள்களைப் புரட்டினாள்.

"மேகமே இல்லாத இடத்துல இவ்வளவு மழை எதுக்குங்க?"

"மிஷினுக்கு."

அவள் சிரிக்கவில்லை. விரலை ஈரப்படுத்திப் பக்கங்களை எண்ணினாள். "பதினாலுதான் வருது. இன்னொரு பக்கம் பெய்யட்டும்."

பெய்தது.

கெடுவுக்கு ஒரு நாள் மிச்சமிருக்க, இருவரும் மச்சினன் வீட்டுக்குப் போனார்கள். மிஷின் கயிறு கட்டி வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. வாங்குகிறவன் சாயங்காலம் வருகிறானாம்.

"உக்காருங்க மாமா."

"வேணாம். கையை நீட்டு."

"முழுசாவா? கதைக் காசா?" மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். "எண்ணியே வைங்க மாமா. அப்புறம் பேச்சு வரக்கூடாது."

அவர் எண்ணினார். பன்னிரண்டாயிரத்தின் கடைசித் தாள் விழும்வரை மச்சினன் உள்ளங்கையை மூடவில்லை.