குழாயடியில் வைத்த குடம்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக் குழாய் இணைப்புகளைக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. கையில் போன், அதில் கேள்விகள். குழாய் உண்டா, இல்லையா? உண்டு என்றால் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் கேள்வி மட்டும் கிடையாது. ஆனால் காய்ந்த குழாயைப் படம் பிடித்து அனுப்பினால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். வெயிலில் மறுபடி போய் அலைய வேண்டும்.

காலனியின் கடைசி வீட்டில், நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா இருந்தாள். குழாய் போட்ட அன்று வந்த தண்ணீர் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. மேல்தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டுக்கு எங்கே வரும்? தெருமுனை அடிபம்புதான் அவளுக்குக் கதி. அதில் அடித்து வந்த தண்ணீரைத்தான் எனக்கும் சொம்பு நிறையக் கொடுத்தாள்.

"பைப்புல தண்ணி வர்லன்னு எய்திக்கோ மேடம்."

"அதுக்கு இதுல எடம் இல்லக்கா. அந்தக் கொடத்த பைப்புக்குக் கீழ வைங்க, போட்டோ எடுத்துக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே நிறைகுடத்தைத் தூக்கி வந்து வைத்தாள். தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். காலனி முழுக்க அதே வித்தையைச் செய்தேன். ஒரு படமும் திரும்பி வரவில்லை. அலுவலகத்தில் மெச்சினார்கள், நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

கோடையில் மறுகணக்கெடுப்புக்குப் போனபோது தெருமுனையில் சிமெண்டுத் திட்டு மட்டும் இருந்தது. பழுதான அடிபம்பைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டவர்களிடம் ஊராட்சி அலுவலகத்தார், வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் வருகிறதே என்று நான் எடுத்த படங்களைக் காட்டிவிட்டு, பம்பையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அக்கா காலில் மாவுக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தூரத்துப் பம்புசெட்டில் தண்ணீர் பிடித்த குடத்தோடு வரப்பில் விழுந்திருக்கிறாள். இந்த வருஷம் நடவுக்குப் போக முடியாது.

"என் போட்டோவத்தான் மேடம் காட்டுனாங்க. கொடம் ரொம்பி கீது அதுல. நான் இன்னான்னு சொல்றது?"

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. போனைத் திறந்தேன். குழாய் உண்டா? சுவரில் இருக்கத்தான் செய்தது. 'உண்டு' என்று அழுத்தினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"போட்டோ எடுக்கணுமா மேடம்? காலி கொடந்தான் கீது. பரவால்லியா?"