வெடிப்பில்லாத தரை

மண் வெடிக்கட்டும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தாள் அவள். நகரம் முழுக்க நடக்கும் கலைக் கண்காட்சியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய கிடங்கின் கீழ்த்தள அறை. தரை முழுக்கக் களிமண் பரப்பி, மின்விசிறிகூடப் போடாமல் காயவிட்டிருந்தாள். தானாகப் பிளந்து ஓடும் அந்த வெடிப்புகள்தான் அவளுடைய படைப்பு. மாலையில் திறப்பு. இதுவும் கைகூடாவிட்டால் ஏதாவது அலுவலக வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மண் மூட்டைகளைச் சுமந்து கொடுத்திருந்த அண்ணனைக் காவலுக்கு வைத்துவிட்டு, மதியம் பெயர் அட்டை வாங்கப் போனாள். அண்ணன் கொத்தனார்.

திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

"வா பாப்பா! மூலைக்கு மூலை பொளந்து கெடந்துச்சு. நாலு பேர் வர்ற எடத்துல என் தங்கச்சி மானம் போகலாமா? சிமெண்ட் பால் விட்டு இழுத்துட்டேன். இனி யானை நடந்தாலும் வெடிக்காது."

"அந்த லைட்டையெல்லாம் கீழ எறக்குண்ணே."

"எதுக்கு?"

"எறக்கேன்!"

விளக்குகளைத் தரையோடு சாய்த்துச் சூடேற்றினாள். மண் வெளிறியது. ஒரு கீறல்கூட விழவில்லை.

"என்னதான் ஆச்சு உனக்கு?"

"அந்த வெடிப்புதாண்ணே நான் செஞ்சது."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "படம் வரையிறேன்னுதானே வீட்டுல சொன்ன?"

அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவனுக்குப் புரியாது என்று நினைத்தாளா? இல்லை, புரிந்துகொண்டு, 'இதுக்கா இத்தனை படிப்பு' என்று கேட்டுவிடுவான் என்று பயந்தாளா? அவளுக்கே தெரியவில்லை.

அண்ணன் மண்டியிட்டுக் கரணையின் முனையால் கீறத் தொடங்கினான். கோடுகள் செங்கல் வரிசை போல நேராக விழுந்தன.

கண்காட்சிப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "ஆளுங்க வந்துட்டாங்க. உள்ள விடலாமா?"

"அஞ்சு நிமிஷம் மேடம்!" அண்ணன் முந்திக்கொண்டான். "கோணலா வேணும்னா கோணலாவே போடுறேன் பாப்பா. எப்படின்னு மட்டும் சொல்லு."

"அது வராதுண்ணே." அவள் பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். "இந்த ரூமைப் பூட்டிடுங்க மேடம்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அண்ணன் தலை நிமிராமல் கீறிக்கொண்டே இருந்தான்.