செம்பனைத் தோட்டத்தில் ஒரு கப்பல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அனைத்துலக விவகாரங்கள் பற்றிய பொதுச் சொற்பொழிவு நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முடிந்ததும் மண்டபத்துக்கு வெளியே தேநீரும், உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பும் உண்டு. கறிபாப்புக்காகவே பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வருகிற பென்ஷன்காரர்களும் இருக்கிறார்கள். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் எனக்கு வேலை. கறிபாப் கொண்டுவருபவர் கிள்ளானில் இருக்கும் சௌதா.

ஐம்பதை நெருங்கும் பெண். அதிகம் பேசமாட்டார். மேசை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்து, கோப்பைகளைக் கவிழ்த்து அடுக்கி வைப்பார். மண்டபக் கதவு மூடியதும் தாழ்வாரத்தின் கோடி வரை நடந்துபோய், சன்னல் பக்கம் திரும்பி நின்று கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார். பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து திரும்பி வந்து தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைத் தொட்டுப் பார்ப்பார்.

எதிர்முனையில் இருப்பவர் நிறையப் பேசுகிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு முறை அவருக்குப் பின்னால் கடந்துபோகும்போது அந்தக் குரல் எனக்கும் கேட்டது. நீங்கள் அழைத்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் சொல்லும் பதிவுக் குரல். அது முடிந்து, ஆங்கிலத்திலும் சொல்லி முடித்து, இணைப்பு அறுந்த பிறகும் சௌதா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அந்த எண் அவருடைய கணவர் ஜுஹைருடையது. போர்ட் கிள்ளானில் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். ஓர் ஏஜெண்ட் நல்ல சம்பளம் என்று சொல்லி, 'சீ வயலட்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறைக்கு அவரை அனுப்பிவைத்தான். முதல் சில வாரங்கள் படங்கள் வந்தன. பிறகு, "லைன் கிடைக்காது, ரெண்டு வாரத்துல கூப்பிடுறேன்" என்று ஒரு செய்தி. அதுதான் கடைசி. ஏஜெண்டின் கடையைத் தேடிப் போனபோது அங்கே கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். சௌதா போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார். அதற்கு எண் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அப்படியே நான்கு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஜுஹைருடையது ப்ரீபெய்ட் எண். பணம் போட்டு ரீலோட் செய்யாமல் விட்டால் கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். "ஒரு நாள் அவரு நம்பருக்கு அடிச்சு, வேற யாராச்சும் ஹலோன்னு சொல்லிட்டா?" என்று சௌதா ஒரு முறை என்னிடம் கேட்டார். அதனால் காலாவதி ஆவதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் ரீலோட் செய்துவிடுவார். கணவர் எங்கே என்று தெரியாது. அவருடைய எண்ணை மட்டும் சாகவிடாமல் வைத்திருந்தார்.

இந்த வருடம் அது அவ்வளவு எளிதாக இல்லை. மகள் மெஹ்ரினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஹஸ்ஸான் செமினியில் இருக்கிறார். நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, அதாவது 'வலி'யாக, வாப்பா நிற்கவேண்டும். அவர் இறந்துவிட்டதாக ஷரியா கோர்ட் தீர்ப்புச் சொன்னால், ஜுஹைரின் தம்பி அகமது 'வலி'யாக நிற்கலாம். சொல்லாவிட்டால் கல்யாணம் தள்ளிப் போகும், எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. வழக்குப் போட்டாகிவிட்டது. இனி சௌதா நீதிபதி முன்னால் நின்று, கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்று சத்தியம் செய்யவேண்டும். கல்யாண அட்டையும் அதற்குத்தான் காத்திருந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாண அட்டைகளில், மறைந்தவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று போடுவார்கள். அந்த ஒரு சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தில் அட்டை நின்றுபோயிருந்தது.

விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை, கடல் வாணிப ஆய்வாளர் டாக்டர் சந்திரகலா பேச வந்திருந்தார். மலாக்கா நீரிணையில் பொருளாதாரத் தடைகளை மீறி எண்ணெய் கடத்தும் கப்பல்கள் பற்றிய உரை. அன்று புகைமூட்டம் மோசம். சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் ஒரு படம் வந்தது. சேற்றுக் கடற்கரையில் பாதியாக வெட்டப்பட்ட கப்பல். பின்புறம் மட்டும் நிமிர்ந்து நிற்க, அதில் வெள்ளை எழுத்தில் 'சீ வயலட்'.

"இந்தக் கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள்," என்றார் டாக்டர் ஆங்கிலத்தில். "அடுத்த வருடம் இதே பெயரும் இதே பதிவு எண்ணும் நம் கடலில் போய்க்கொண்டிருந்தன. கள்ளக் கடத்தலுக்குப் போகும் இன்னொரு கப்பல், செத்த கப்பலின் அடையாளத்தை எடுத்து மாட்டிக்கொள்ளும். கிட்டப் போய்ப் பார்த்தால் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய பெயரின் வெல்டிங் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருக்கும்."

என் முதுகில் சூடான காற்று பட்டது. திரும்பினேன். சௌதா கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் மண்டபத்துக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கையில் கறிபாப் எடுக்கும் இடுக்கி இருந்தது.

தேநீர் நேரத்தில் அவர் டாக்டருக்குத் தானே கோப்பையை நீட்டினார்.

"டாக்டர், அந்தக் கப்பலை எப்ப வெட்டுனாங்க?"

"ஆறேழு வருஷம் இருக்கும்லா. ஏன்க்கா?"

"என் வீட்டுக்காரர் அதுக்கப்புறம்தான் அதுல ஏறினாரு."

டாக்டர் கோப்பையை மேசையில் வைத்தார். சௌதா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கப்பலின் பின்புறத்தில் சாய்ந்து ஜுஹைர் சிரித்துக்கொண்டிருந்தார். தோளுக்குப் பின்னால் 'சீ வயலட்'. வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் வேறு ஏதோ எழுத்துகள், தோலுக்கடியில் எலும்பு தெரிவதுபோல.

வரிசையில் நின்ற பென்ஷன்காரர் தம்புசாமி அங்கிள் குறுக்கே வந்தார். "ஆன்டி, கறிபாப் ஆளுக்கு ஒண்ணுதானா? டாக்டர் பேசின பேச்சுக்கு நாலாச்சும் குடுக்கணும்."

"எடுத்துக்குங்க அங்கிள்," என்றார் சௌதா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னார். "அக்கா, அது உண்மையில எந்தக் கப்பல்னு எனக்குத் தெரியாது. கப்பல் இருக்கிற இடத்தைக் காட்டுற சிக்னல்ல அந்தப் பேரு இன்னும் வருது. ஆனா நம்பாதீங்க. சிக்னல் வருதுன்னா யாரோ மெஷினை ஆன் பண்ணியிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம். கப்பல் அங்க இருக்குன்னு அர்த்தம் இல்ல. பொய்யான இடத்தைக் காட்டுவாங்க. தரையில கூடக் காட்டும்."

"அதுல இருந்தவங்க?"

"செத்த கப்பல்ல யாரு இருந்தாங்கன்னு யாரும் எழுதி வைக்கிறதில்லக்கா."

சௌதா தலையாட்டினார். காலிக் கோப்பைகளை எடுக்கத் தொடங்கினார்.

அன்று சௌதாவின் வேனை ஓட்டிவந்தது மகள் மெஹ்ரின். அவள் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை செய்கிறாள். கப்பல் எங்கே வருகிறது என்று பார்க்கும் செயலி எந்நேரமும் அவள் கைப்பேசியில் இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை அவள்தான் என்னிடம் சொன்னாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் சௌதா கேட்டாராம். "உன் போன்ல கப்பல் பேரு போட்டா தெரியும்ல?"

மெஹ்ரின் கண்ணாடியைப் பார்த்து இடப்பக்கத் தடத்துக்கு மாறினாள்.

"பார்த்திருக்கியா?"

"அப்பவே பார்த்தேன்மா. வாப்பா போன மொத வருஷமே."

"என்ன போட்டிருந்துச்சு?"

"உடைச்சாச்சுன்னு."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வாப்பா ஏறுன கப்பல் அவரு ஏறுறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சுன்னா? நீங்க சோறு தின்பீங்களா?"

சௌதா வெளியே பார்த்தார். பார்க்க எதுவுமில்லை, புகைதான். "இப்பப் பாரு," என்றார்.

பெட்ரோல் நிலையத்தில் வேனை நிறுத்திவிட்டுப் பெயரை அடித்தாள். இந்த முறை ஒரு சிவப்பு முக்கோணம் வந்தது. கடைசிச் சிக்னல் அன்றைய தேதியில் வந்திருந்தது. இடம் கடலில் இல்லை. தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டி, தொழிற்சாலைகளுக்குப் பின்னால், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில்.

"பொய்ம்மா. இப்பதானே டாக்டர் சொன்னாங்க."

"தெரியுது. போ."

"அங்க கப்பல் இருக்காதும்மா!"

"இல்லன்னு என் கண்ணால பார்க்கணும். வியாழக்கிழமை சத்தியம் பண்ணப்போறவ நானு."

லோரிகள் நிற்கும் தொழிற்பேட்டையைக் கடந்து செம்மண் பாதையில் இறங்கினார்கள். மதியத் தொழுகை நேரம்தான், ஆனால் புகையில் வெளிச்சம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் நட்ட செம்பனை மரங்கள். எந்த வரிசையைப் பார்த்தாலும் முடிவில் அதே புகை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. திரையில் அவர்களுடைய நீலப் புள்ளி சிவப்பு முக்கோணத்தை நெருங்கி, ஒட்டி, அதற்குள்ளேயே போனது. மெஹ்ரின் பிரேக்கை அழுத்தினாள்.

அங்கே எதுவும் இல்லை. உதிர்ந்த மட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வடிகால். கறுத்த தண்ணீர்.

சௌதா இறங்கினார். எங்கிருந்தோ தரை வழியாக ஓர் அதிர்வு வந்துகொண்டிருந்தது. தட், தட் என்று கனமான எஞ்சின் நிதானமாக ஓடுவதுபோல. ஜுஹைர் பட்டறையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் பின்னால் கேட்கும் சத்தம்.

"ஃபேக்டரி ஜெனரேட்டர்மா," என்றாள் மெஹ்ரின். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. வடிகால் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் விரிந்துகொண்டிருந்தன.

சௌதா கைப்பேசியை எடுத்து, பழக்கப்பட்ட அந்த எண்ணுக்கு அடித்தார். தாழ்வாரத்தில் நிற்பதுபோலவே முதுகைக் காட்டி நின்றார். பதிவுக் குரல் வரவில்லை. மணி அடித்தது.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் போட்டார். இரண்டு பேரும் கேட்டார்கள். எங்கோ ஒரு கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. மரங்களுக்கிடையில் அந்தச் சத்தம் எங்கும் இல்லை, சௌதாவின் கைக்குள் மட்டும்தான். யாரும் எடுக்கவில்லை. மணி தானாக நின்றது. அதே நேரத்தில் தரையின் அதிர்வும் நின்றது.

"வேனுக்குள்ள ஏறுங்கம்மா," என்றாள் மெஹ்ரின்.

திரும்பி வரும் வழியில் மறுபடி அடித்தார்கள். பழைய பதிவுக் குரல்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த கொழுந்தன் அகமது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நெட்வொர்க் கோளாறு மச்சி. சில நேரம் சும்மாவே அடிக்கும்."

"நாலு வருஷமா அடிக்கலயே தம்பி. நம்பரை வேற யாருக்கும் போகவிடல நான். அந்த சிம்முல உயிர் இருந்தாத்தான் அடிக்கும். யாரோ ஆன் பண்ணியிருக்காங்க."

"யாரோதானே? அண்ணனா?"

செவ்வாய்க்கிழமை வரை மெஹ்ரின் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லையாம். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது, "தள்ளிப் போடலாம்மா, ஹஸ்ஸான்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். சௌதா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

வியாழக்கிழமை கிள்ளான் கோர்ட்டில் நீதிபதி மலாயில் கேட்டார். காணாமல் போன நாளிலிருந்து கணவர் உங்களிடம் ஒரு வார்த்தையாவது பேசினாரா?

மெஹ்ரின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேசவில்லை," என்றார் சௌதா. அது பொய்யில்லை. ஜுஹைர் இறந்துவிட்டதாகத் தீர்ப்பானது.

அங்கிருந்து நேராகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார்கள். நெரிசலில் வண்டி நின்றபோது மெஹ்ரின் செயலியைத் திறந்தாள். முக்கோணம் செம்பனைத் தோட்டத்தில் இல்லை. கிள்ளானில் இருந்தது. பெரிதாக்கினாள். அவர்கள் குடியிருப்பின் வீட்டு வரிசைகளுக்கு மேல், நங்கூரம் போட்டதுபோல் அசையாமல் நின்றது.

"எங்க இருக்கு?" என்றார் சௌதா, முன்னால் போகும் பஸ்ஸைப் பார்த்தபடி.

"இன்னும் பார்க்கலம்மா," என்று மெஹ்ரின் கைப்பேசியைக் கவிழ்த்தாள்.

அச்சகக்காரர் சொக்கலிங்கம் மாதிரி அட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "அக்கா, வாப்பா பேருக்கு முன்னால இடம் விட்டு வச்சிருக்கேன். போடவா, வேணாமா? பிளேட் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாதுலா."

"மர்ஹூம்னு போடுங்க."

"மனசைத் தேத்திக்குங்கக்கா," என்று அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

மேசையின் மறுமுனையில் ரீலோட் இயந்திரம் இருந்தது. சௌதா பையைத் திறந்தார். "அப்படியே ஒரு நம்பருக்கு ரீலோட் பண்ணிடுங்க."

மெஹ்ரின் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, இப்பதானே கோர்ட்டுல..."

"கோர்ட்டுல செத்துட்டாருன்னு சொல்லியாச்சு. உன் கல்யாணம் நடக்கும்." சௌதா கையை விடுவித்துக்கொண்டார். "அந்தக் கப்பலையும் செத்துடுச்சுன்னு எழுதியாச்சு. அது ஓடலயா?"

சொக்கலிங்கத்துக்கு இது எதுவும் புரியவில்லை. "நம்பர் சொல்லுங்கக்கா," என்றார்.

சௌதா பார்க்காமலே, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். இயந்திரம் துண்டுத் தாளைக் கக்கியது. அதில் எண் எந்தத் தேதி வரை உயிரோடிருக்கும் என்று அச்சாகியிருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த மாதம்.

அதை நான்காக மடித்து, புது மை வாசம் போகாத அட்டைக்குள் வைத்து மூடினார். வாசலில் நின்ற மெஹ்ரின் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கவில்லை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் எங்கயாவது டீ குடிச்சிட்டுப் போவோம்மா," என்றாள்.