வயலுக்குச் சொந்தக்காரி

தண்ணீர்ப் பம்பு விற்கிறவளுக்கு முதலில் தேய்வது வாய். செருப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். என்னைப் போல வெயிலில் ஸ்கூட்டியோடு அலைகிறவர்களுக்கு இது புதினமில்லை. எனக்கு மூன்று மாதமாக ஒரு பம்பும் போகவில்லை. இந்த மாதமும் இப்படியென்றால் வேலை இல்லை என்று மனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மூச்சு விடாத பேச்சு

வாழைச்சேனைப் பக்கம் ஒரு கச்சான் கடலைத் தோட்டக்காரர். வயதான மனிதர். கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தந்தார். அவர் வாய் திறக்குமுன் நான் தொடங்கிவிட்டேன். எஞ்சின், குழாய், உத்தரவாதம், ஒன்றும் விடவில்லை. பாடமாக்கியதை ஒப்புவித்து முடித்து, பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் அவசரமில்லாமல் சொன்னார்: "நல்லாச் சொன்னாய் புள்ள. தோட்டத்தப் போன வருசமே வித்துப்போட்டன். நீ கேக்கல்லையே."

தலையாட்டிய அண்ணர்

சரி, இனிக் கேட்டுவிட்டே பேசுவோம் என்று, உன்னிச்சைக் கிராமத்தில் ஒரு அண்ணரிடம் வயல் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். அதோடு என் கேள்வி தீர்ந்தது. ஒரு மணித்தியாலம் பேசினேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியை நான் திரும்பியும் பார்க்கவில்லை. படிவத்தை நீட்டியபோதுதான் மனைவியைக் காட்டிச் சொன்னார்: "நான் வேளாண்மை செய்யிற ஆள் மட்டுந்தான் தங்கச்சி. வயல் அவட சீதனம். அவட்டக் கேளுங்க."

வாய்க்கால் முடிகிற இடம்

வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். நான் குடியிருக்கிற வீடே என் சீதனம். மறுநாள் படிவம் ஒன்றும் எடுக்காமல் அந்த அக்காவிடம் போனேன். "உங்கட வயலுக்குத் தண்ணி எந்தப் பக்கத்தால வரும் அக்கா?" என்றேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னை வயலுக்கே கூட்டிப்போனார்.

வாய்க்காலின் கடைசி வயல். மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்தால்தான் இவருக்குத் தண்ணீர். போன போகம் கதிர் வருகிற நேரம் பயிர் காய்ந்ததைச் சொன்னார். எனக்குப் பம்பு மறந்தே போனது. கேட்டுக் கேட்டு வரம்பு முழுக்க நடந்தேன். பக்கத்து ஓடையைப் பார்த்ததும், நேற்று நான் புகழ்ந்த பெரிய பம்பு வேண்டாம், இவ்வளவு கிட்ட இருந்து இறைக்கச் சின்னதே போதும் என்று உள்ளதைச் சொன்னேன்.

அக்கா இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். "இதும் அதும் என்ட தங்கச்சிமாரிட வயல். அம்மா பிரிச்சுத் தந்தது. மூணு பம்பு எழுதுகா. இவ்வளவு நாளும் ஒரு ஆளும் என்ட வயலப் பத்தி என்னட்டக் கேக்கல்ல."

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பேசப் பழக்கும்படி மனேஜர் என்னைத்தான் அனுப்புகிறார். நானும் போய் வாயை மூடப் பழக்கிவிட்டு வருகிறேன்.