தொலைநோக்கி பூட்டிய பழைய துவக்கு

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் என்னோடு வேலைசெய்த கணக்காளர் ஒருவர், சண்டை தொடங்குமுன்னமே யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர், பழைய இராணுவத் துவக்கொன்று வாங்கினார். குறிபார்க்க அதிலேயே இருந்த இரும்பு முனை போதாதாம். துளையிட்டுத் தொலைநோக்கி பூட்டினார். தோட்டாவிலும் வெடிமருந்தைக் கூட்டினார்.

“இவ்வளவு மருந்து தேவையோ அண்ணை?” என்று சுடுதளத்தில் கேட்டேன்.

“உமக்கு உதெல்லாம் விளங்காது.”

கண்ணைத் தொலைநோக்கியோடு ஒட்டிக்கொண்டு சுட்டார். துவக்கு உதைத்த உதையில் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. குறி அட்டையில் கீறல்கூட இல்லை.

அடுத்த கிழமை சான்ட்ரிங்ஹாம் பகுதியிலுள்ள தமிழ்க் கடையில், நெற்றிக்கட்டைக் காட்டி, “துவக்குக் காயம்” என்று எல்லோரிடமும் பெருமையடித்தார். என்னையும் பார்த்து, “உமக்கு இப்பிடி ஏதும் பட்டிருக்கோ?” என்றார்.

ஊர்ச் சண்டையில் பாய்ந்த ஷெல் துண்டு இன்னும் கிடக்கிற தோளில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன்.

“இல்லை அண்ணை.”

அந்த ஆளுக்கெல்லாம் சட்டையைக் கழற்றிக் காட்ட எனக்கு மனமில்லை.