கிணற்றின் மேல் புல்தரை

என் மகள் கைப்பேசி விளையாட்டில் தன் வீட்டுக்குத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருக்கும் செடிக்கடையில் குரோட்டன்ஸ் தொட்டிகளும் வட்டமான புல்தரையும் வாங்கினாள். "கிணறு அசிங்கமா இருக்கும்மா" என்று புல்தரையை இழுத்து அதன் மேல் வைத்தாள். கிணறு மறைந்துவிட்டது.

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கிணறும் அப்படித்தான் மறைந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. தண்ணீருக்கு போர்வெல் போட்ட பிறகு அப்பா கைப்பிடிச் சுவரை இடித்து, கிணற்றின் வாயில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைப் பரப்பி, மண் கொட்டிப் புல் பதித்தார்.

"முழுசா தூத்துடு நைனா, புள்ளைங்க ஓடுற எடம்" என்றார் கொத்தனார்.

"இன்னாத்துக்கு? மேல புல்லு வந்துட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று அப்பா சிரித்தார்.

மழை பெய்தால் ஈரமண் வாசனை எழும். கீழே தண்ணீரில் மண் உதிரும் சத்தம் கேட்கும். நாங்கள் அந்த இடத்தைச் சுற்றியே நடந்து பழகிவிட்டோம்.

சென்ற மாதம் அப்பா அந்த வீட்டை விற்றார். வாங்கியவர்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்பா சொல்லியிருப்பார் என்று நினைத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது அவரை அழைத்தேன். "அப்பா, அவங்ககிட்ட கிணத்தைப் பத்திச் சொன்னீங்கள்ல?"

"புல்லு நல்லா வந்துருந்துச்சும்மா" என்றார். "அவங்களும் கேக்கல."