எந்தப் பன்னிரண்டு மணி?

தனி விமானத்தின் கம்பளத்தைச் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது. வால் பக்கம் தொடங்கி, தூசி உறிஞ்சும் கருவியை இழுத்துக்கொண்டே வாசலை நோக்கிப் பின்பக்கமாக நடந்து வர வேண்டும். கடைசியில் வாசலில் நின்று பார்த்தால் ஒரு காலடித் தடம்கூடத் தெரியக் கூடாது. முதலாளி ஏறும்போது அவருடைய கால்தான் முதல் கால்.

இதைப் பதினான்கு வருடமாகச் செய்கிறவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கேப்டனிலிருந்து எரிபொருள் வண்டி ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'மாமா'. முதலாளி மட்டும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் தூக்குவார். மாமா போய் நிற்பார்.

முதலில் ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் வேலை, பிறகு பெரிய விமானக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம், பிறகு இது. விமானத்தில் பத்து இருக்கைகள். பதினோராவது மாமாவுடையது. வாசலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவே சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற ஒரு பலகை. முதலாளிக்கு என்னென்ன பிடிக்கும் என்று பதினோரு பக்கப் பட்டியல் ஒன்று உண்டு. தண்ணீர் குளிர்ந்திருக்கக் கூடாது, சூடாக இருக்கக் கூடாது, வெதுவெதுப்பாகவும் இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. அது என்ன தண்ணீர் என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சரியாகக் கொடுத்துவிடுகிறார்.

முடிவெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுவார். "கொடுத்து வச்சவர் சார் நீங்க. ஜெட்டுல போறீங்க, ஜெட்டுல வர்றீங்க."

"ஆமா. கண்டக்டர்கூட தினமும் பஸ்லதான் போறாரு, பஸ்லதான் வர்றாரு" என்பார் மாமா.

முதலாளி அதிகம் போவது ஐரோப்பாவில் ஒரு தலைநகரத்துக்கு. மாமா அங்கே நாற்பத்தொரு முறை போயிருக்கிறார். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல் சன்னலிலிருந்து ஒரு டயர்க் கடை தெரியும். அந்தக் கடைக்காரர் பக்கத்து இடத்தையும் சேர்த்து வளைத்துப் போட்டது, பெயர்ப்பலகையை இரண்டு முறை மாற்றியது எல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. ஊரில் அரண்மனை இருக்கிறதாம். பார்த்ததில்லை.

அந்த ஊரில்தான் மூன்று வருடமாக அவருடைய மகள் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அவளை அவர் நேரில் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாலு முறை பார்க்க முயன்றார்கள். ஒரு முறை முதலாளி ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். இரண்டு முறை அவளுக்கு ஷிப்ட். ஒரு முறை சக்கரத்தில் கோளாறு, மாமா விமானத்தைவிட்டு இறங்கவே இல்லை.

இந்த முறை விஷயம் வேறு. மகளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. லிப்ட் மெக்கானிக், நம்ம பாஷைக்காரன். அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அங்கே வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஒற்றை அறை வீடா, இரண்டு அறை வீடா என்பது மகள் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்தது.

"அப்பா நேர்ல பாக்காம நான் பதில் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள் போனில்.

"என்னடி இது, ரெண்டு வருஷமா உன்னையே பாக்க முடியல, அவனை எங்க பாக்கறது?"

"பாருங்க. அவ்வளவுதான்."

மனைவி பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கினாள். "பாப்பா, அப்பா வருவாரு." பிறகு இவரிடம் சொன்னாள்: "வீடியோவுல பாத்தா எல்லாப் பையனும் லட்சணமாத்தான் இருக்கான். நீங்க எத்தனை ஆயிரம் பேருக்குத் தட்டு நீட்டியிருக்கீங்க. வாங்கற கையைப் பாத்தாலே ஆளு எப்படின்னு சொல்லிடுவீங்க. போய்ப் பாத்துட்டு வாங்க."

சனிக்கிழமை பயணம் வந்தது. போய், ஒருவரைச் சந்தித்து, அன்றே திரும்புவது. அட்டவணைத் தாளைப் பார்த்ததும் மாமா மகளுக்குச் செய்தி அனுப்பினார். 'பன்னிரண்டு மணிக்குத் தனி விமானக் கட்டடத்தின் வாசலுக்கு வந்துவிடு. அவனையும் கூட்டிக்கொண்டு வா. மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும்.'

'சரிப்பா' என்று பதில் வந்தது.

அன்று அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர் மாமா. கம்பளம், மரப்பலகைகளில் விரல் ரேகை துடைப்பது, இருக்கை வார்களை எல்லா இருக்கையிலும் ஒரே மாதிரி குறுக்காக மடித்து வைப்பது என்று எல்லாம் முடிந்து, முதலாளி ஏறி, விமானம் மேலே போய், அவர் சாப்பிட்டு, மணிக்கணக்கில் காகிதங்களைப் பார்த்து, தேநீர் குடித்துப் படுத்த பிறகுதான் மாமா காக்பிட்டுக்குள் இரண்டு கோப்பைக் காபியோடு தலையை நீட்டினார்.

வலப்பக்கம் இருந்த இளம்பெண் துணை விமானி. எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறவள். "என்ன மாமா, முகத்துல இன்னைக்கு ஒரு கல்யாணக் களை?"

"பொண்ணைப் பாக்கப் போறேன். மாப்பிள்ளைப் பையனும் வர்றான்."

"அடேங்கப்பா. எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

அவள் கோப்பையை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். "எந்தப் பன்னெண்டு மாமா?"

மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உலகத்து விமானங்களுக்கெல்லாம் ஒரே பொது நேரம் உண்டு. 'ஜூலு' என்பார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் அட்டவணைத் தாளில் அந்த நேரம்தான். மாமாவின் கடிகாரமும் பதினான்கு வருடமாக அதில்தான் ஓடுகிறது. இவர் கடிகாரத்தை நம்பினால் ஒரு நாளும் சூடாகச் சாப்பிட முடியாது என்று மனைவி சொல்வாள். வெளி ஆட்களிடம் பேசும்போது மனதுக்குள் மாற்றிக்கொள்வார். மகள் வெளி ஆள் இல்லை அல்லவா, மாற்றவில்லை. கோடையில் அந்தத் தலைநகரம் ஜூலுவுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். மகளின் ஊரில் பன்னிரண்டு அடிக்கும்போது இந்த விமானம் இன்னும் வானத்தில் இருக்கும்.

"அவ இப்ப பஸ்ல ஏறியிருப்பா" என்றார் மாமா.

"போன் பண்ணுங்க."

விமானத்தில் இணையம் பயணிகளுக்கு மட்டும். பட்டியலில் நான்காம் பக்கம். முதலாளியை எழுப்பிக் கேட்கலாம். பதினான்கு வருடத்தில் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

இதுவரை பேசாமலிருந்த கேப்டன் முன்னாலிருந்த சின்னத் திரையை இழுத்தார். அதில் தரையிலுள்ள ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்பலாம். எரிபொருள், ஏணி, கழிவறை வண்டி, இப்படி. ஒற்றை விரலால் தட்டினார். "கழிவறை வண்டி வேண்டும், வாசலுக்கு இரண்டு பேர் வருவார்கள். எங்கள் ஆட்கள். உட்கார வைக்கவும்."

"நன்றி கேப்டன்."

"கழிவறை வண்டிக்கும் உங்க மாப்பிள்ளைக்கும் நடுவுல ஒரு கமா போட்டிருக்கேன். ஏஜெண்டு கவனிச்சுப் படிச்சா சரி."

அரை மணி கழித்துப் பதில் வந்தது. இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா அதை இரண்டு முறை படித்துவிட்டு ரொட்டியைச் சூடாக்கப் போனார்.

ஜூலு பதினொன்றுக்கு இறங்கினார்கள். ஏணியடியில் கார் நின்றது. முதலாளி இருக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மாமா விமானத்தின் வாசலில் நின்றார். இருபது நிமிடம். முப்பது. வாசலிலிருந்து இருநூறு அடியில் தனி விமானப் பயணிகளுக்கான கட்டடம். கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

முதலாளி போனை வைத்தார். விரல் தூக்கவில்லை, பேசினார்.

"அந்த ஆள் வரலையாம். எரிபொருள் போட்டுட்டுத் திரும்பிடலாம்."

புறப்பட ஜூலு பன்னிரண்டே முக்காலுக்கு அனுமதி கிடைத்தது. எரிபொருள் ஏற்றும்வரை முதலாளி காரில் உட்கார்ந்துகொண்டார். மாமா குப்பை எடுத்தார். பாத்திரங்களைக் கழுவ அனுப்பினார். படுக்கையைப் பழையபடி இருக்கையாக்கினார். வால் பக்கத்திலிருந்து கம்பளத்தின் மேல் கருவியை இழுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு ஐந்து.

"ஓடுங்க மாமா. இருபத்தஞ்சுக்கு இங்க இருக்கணும்" என்றாள் துணை விமானி. "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கட்டடத்துக்குள் மாமா நுழைந்ததும் மகள் எழுந்து வந்தாள்.

"முடிய வெட்டிட்டியா?"

"அது போன வருஷம்ப்பா. ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கோம். கிண்ணத்துல இருந்த ஆப்பிள் எல்லாம் தின்னாச்சு."

"நேரம் தப்பாச் சொல்லிட்டேன். இப்பவும் பதினஞ்சு நிமிஷம்தான்."

அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

பின்னால் நின்றவன் வீடியோவில் தெரிந்ததைவிடக் குள்ளம். கட்டைவிரலில் பிளாஸ்திரி. "உக்காருங்க அங்கிள்" என்றான்.

மாமா உட்கார்ந்தார். அது முதலாளிகள் உட்காருகிற சோபா. அந்தக் கட்டடத்துக்கு எத்தனையோ முறை வந்திருந்தும் அதில் அவர் உட்கார்ந்ததில்லை. உடம்பு அப்படியே உள்ளே போனது.

"லிப்ட்ல உங்களுக்கு என்ன வேலை?"

"கதவுதான் அங்கிள். முக்கால்வாசி லிப்ட் நிக்கறது கதவாலதான். ரெண்டு கதவும் சேர்ற இடத்துல..."

அந்த இடத்தில் என்ன என்று மாமா கேட்கவில்லை.

தோளில் கை பட்டது. மகள். சுவரில் மணி இரண்டு இருபது. எந்த மணி என்று புரியச் சற்று நேரம் ஆனது. எதிரே அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தூங்கிட்டேனா?"

"குறட்டையே விட்டீங்க."

"ஏன்டி எழுப்பல?"

"நான் எழுப்பலாம்னேன். இவன்தான் வேண்டாம்னான். பெரிய சண்டை."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"கிசுகிசுன்னு போட்டோம்."

"யாரு ஜெயிச்சா?"

அவன் தரையைப் பார்த்தான். "நீங்க தூங்கினீங்களே அங்கிள்" என்றான் மெதுவாக. "தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. அவங்க சொன்னதும் சரிதான். பதினஞ்சு நிமிஷம்தானே இருந்துச்சு."

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை மகள் கூட வந்தாள். வெளியே விமானத்தின் விளக்கு மின்னத் தொடங்கியிருந்தது.

"என்னப்பா சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்ல? பாக்க வந்தவன் கண்ணை மூடிட்டேன். உங்கம்மா கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியல."

"அப்ப அடுத்த தடவை..."

"அடுத்த தடவைன்னு என்னை நம்பி இருக்காத பாப்பா. அது எப்ப வரும்னு எனக்கே தெரியாது. விரலைத் தூக்கினா வருவேன், தூக்கினா போவேன். உன் வாழ்க்கையை இந்த அட்டவணையில போட்டு வைக்காத. அவனைப் பக்கத்துல இருந்து பாக்கறவ நீ. உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. ஆனா நீங்க சரின்னு ஒரு வார்த்தை..."

"சரி."

"உண்மையாவா? தூக்கத்துல சொல்லலையே?"

"தூக்கம் இருக்கு. இருந்தாலும் சரிதான்."

அவள் அழவில்லை. அவருடைய முழங்கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

மாமா ஏணியை நோக்கி நடந்தார். பாதித் தூரத்தில் திரும்பிப் பார்த்தார். வெயில் நகர்ந்திருந்ததால் இப்போது கண்ணாடிக்குள்ளே தெரிந்தது. மகள் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பின்னால் துழாவி, சோபாவின் கைப்பிடி தட்டுப்பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.